இலை ஒட்டுகிற வேலை

வெள்ளிக்கிழமை நான் போட்ட போட்டோவைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராந்தாவில், சாரல் அடிக்கிற பக்கம் கட்டுக்கட்டாகக் கிடந்தது பழைய பேப்பர் இல்லை, எங்கள் தாவரவியல் துறையின் ஹெர்பேரியம். அதாவது, செடிகளைக் காயவைத்து ஷீட்டில் ஒட்டி, லேபிள் எழுதிப் பாதுகாக்கிற தொகுப்பு. அந்த அறைக்குக் கம்ப்யூட்டர் லேப் வருகிறதாம். வரட்டும். ஆனால் செடிகளை இனம் பிரித்துப் பெயர் சொல்லக் கற்றுத்தருகிற வகைப்பாட்டியல் பாடமும் இனி கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். இதைத் துறைக் கூட்டத்தில் கேட்டபோது ஒரு சீனியர் பேராசிரியர், "இலை ஒட்டுகிற வேலைக்கு எதற்குத் தனி அறை, தனி ஆள்?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். மூன்று நாளாக அந்தச் சிரிப்பு காதிலேயே நிற்கிறது.

நான் சொல்வது ஒன்றுதான். கையில் இருப்பது எந்தச் செடி என்று சொல்லத் தெரியாத துறை அந்தச் செடியை வைத்துச் செய்கிற வேறு எதையும் நம்ப முடியாது. மரபணுவோ மருந்தோ திசு வளர்ப்போ, முதலில் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் காமாலை என்றதும் எல்லாரும் தேடுகிற செடி. பழைய புத்தகங்களில் இதற்கு ஃபில்லாந்தஸ் நிரூரி என்று பெயர் இருக்கும். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இங்கே அந்தப் பெயரில் சொல்லிவந்தது அமாரஸ், ஃபிரட்டர்னஸ், டெபிலிஸ் என்று மூன்று தனித்தனி இனங்கள் என்பதை 1980களில்தான் வகைப்பாட்டியல்காரர்கள் பிரித்துச் சொன்னார்கள். 1988ல் சென்னை ஆய்வாளர்கள், கல்லீரலைத் தாக்கிக் காமாலை வரவைக்கிற ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த புளூம்பெர்க்கும் சேர்ந்து, அமாரஸ் கொடுத்த நோயாளிகளில் பலன் தெரிந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏன் என்று விவாதித்தபோது எழுந்த கேள்விகளில் ஒன்று, எல்லாரும் பயன்படுத்தியது ஒரே செடிதானா என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பத்திரப்படுத்திய மாதிரி வேண்டும், பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் இலை ஒட்டுகிறவர் என்கிறீர்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் சார். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் கொல்லிமலைக்கு ஃபீல்ட் ட்ரிப் போனோம். இறங்குகிற வழியில் நான் ஒரு செடியைப் பறித்து, "கீழாநெல்லி சார்" என்று பெருமையாக நீட்டினேன். அவர் லென்ஸை என் கையில் கொடுத்து, "பூவைப் பார், இதழ் ஐந்தா ஆறா எண்ணு" என்றார். மிளகு அளவுகூட இல்லாத பூ. எண்ணினேன். ஆறு. "அமாரஸ் என்றால் ஐந்து இருக்கும். அப்போ இது வேறு" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவ்வளவுதான் பாடம். அன்று ராத்திரி லாட்ஜில் எல்லாரும் தூங்கிய பிறகு அவர் ஒருவராக உட்கார்ந்து, பறித்த செடிகளை அழுத்தி வைத்திருந்த ஈரமான பேப்பரை எடுத்துவிட்டுக் காய்ந்த பேப்பர் வைத்துக்கொண்டிருந்தார். மாற்றாவிட்டால் செடி கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். அந்த மனிதர் எழுதிய லேபிள்தான் சாரலில் நனைந்து கிடந்தது.

டிஎன்ஏவின் ஒரு துண்டை வாசித்தே இனத்தைக் கண்டுபிடிக்கிற டிஎன்ஏ பார்கோடு வந்துவிட்டதே, இயந்திரமே சொல்லிவிடுமே என்பார்கள். இயந்திரம் டிஎன்ஏ வரிசையை வாசிக்கும், ஏற்கெனவே தகவல் தளத்தில் இருப்பதோடு ஒப்பிடும். அங்கே இருக்கிற வரிசைக்குப் பெயர் வைத்தது யார்? செடியைக் கையில் வைத்துப் பார்த்த ஒருவர். அவர் தப்பாகப் பெயர் எழுதியிருந்தால் நமக்கும் அதே தப்புதான் வரும்.

எனக்கு நவீன உயிரியல் பிடிக்காது என்று அந்தப் போட்டோவுக்குக் கீழே சிலர் எழுதியிருந்தீர்கள். என் எம்.ஃபில். முழுக்க டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கிற பி.சி.ஆர். தான். இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும். கோவை கரும்பு நிலையத்தில் குரோமோசோம் எண்ணிய விஞ்ஞானி ஜானகி அம்மாளைத்தான், நாட்டின் தாவரங்களைக் கணக்கெடுக்கிற அரசு நிறுவனமான பொட்டானிக்கல் சர்வேயைச் சீரமைக்க நேரு கூப்பிட்டார். நாட்டின் வகைப்பாட்டியல் விருதுக்கும் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967ல் மேத்யூ பாதர் தொடங்கிய ரேப்பினட் ஹெர்பேரியம் ஒரு கல்லூரிக்குள்தான் வளர்ந்தது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைப்பது கஷ்டம்தான். என் செட்டில் பயோடெக் படித்தவர்களில் எத்தனை பேர் லேபில் இருக்கிறார்கள் என்று நானும் கேட்கலாம், விடுங்கள்.

1998ல் டெல்லியில் கடுகு எண்ணெய் சாப்பிட்டு 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் கலந்திருந்தது பிரம்மத்தண்டு விதையின் எண்ணெய். விதை பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும். அந்தச் செடி எங்கள் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. போன மாதம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் கேட்டேன். இருபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமே இல்லை. நாம் காட்டவில்லை.

உனக்கு உன் வேலை போய்விடும் என்று பயம், அதனால்தான் இந்தக் கத்தல் என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். ஆமாம், பயம்தான். பதினோரு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்த வருடம் கூப்பிடுவார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவளுக்குப் பயம் இல்லாமல் இருக்குமா? அதற்காக நான் சொல்வது பொய் ஆகிவிடுமா? சார் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றால் தாங்கிக்கொள்வேன். அவருடைய முப்பது வருடத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, வாட்ச்மேன் அண்ணன் உதவியோடு ஆறு கட்டுகளை ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஈரம் பட்ட ஷீட்டுகளை ஃபேனுக்கடியில் விரித்திருக்கிறேன், வீட்டில் நடக்க இடமில்லை. கொல்லிமலையில் நான் கீழாநெல்லி என்று நீட்டிய அந்தச் செடியின் ஷீட் கிடைத்தது. லேபிளில் சார் கையெழுத்தில் இடம், தேதி, "சேகரித்தவர்" என்ற இடத்தில் என் பெயர். மீதி ஒன்பது கட்டு இன்னும் வராந்தாவில் கிடக்கிறது. நாளைக்கும் மழை என்கிறார்கள். பக்கத்தில் யாரிடமாவது பழைய மர பீரோ இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.