'பார்மி'க்கும் பைத்தியக்கார மருத்துவமனைக்கும் என்ன சம்பந்தம்?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 'பார்மி ஆர்மி' தெரிந்திருக்கும்: தோற்றாலும் பாடிக்கொண்டே இருக்கும் இங்கிலாந்து ரசிகர் படை. 1994-95 ஆஷஸ் தொடரின்போது ஆஸ்திரேலியாவில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. 'பார்மி' என்றால் கிறுக்குத்தனமான, கொஞ்சம் மறை கழன்ற என்று பொருள். வசவு என்றாலும் பாதி செல்லம்தான்.

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், மெய்ட்ஸ்டோன் அருகே பார்மிங் ஹீத்தில் ஒரு மனநல மருத்துவமனை இருந்தது. அந்த ஊர்ப் பெயரிலிருந்தே இந்தச் சொல் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு.

மருத்துவமனை திறக்கப்பட்டது 1833-இல். சொல்லோ 1600-ஐ ஒட்டிய காலத்திலேயே 'தலையில் சரக்கில்லாத' என்ற பொருளில் எழுத்தில் வந்துவிட்டது. பிள்ளைக்குப் பிறகு தாய் பிறக்க முடியாது.

உண்மையான வேர் 'பார்ம்'. பீர் புளிக்கும்போது தொட்டியின் மேல் பொங்கி நிற்கும் நுரை அது; பழைய ஆங்கிலத்தில் 'பெயோர்மா'. ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றுவதுபோல, அந்த நுரையை வழித்தெடுத்து ரொட்டி மாவில் கலப்பார்கள். வட இங்கிலாந்தில் ஒரு வகை ரொட்டிக்கு 'பார்ம் கேக்' என்ற பெயர் இன்றும் இருக்கிறது. மண்டைக்குள் மூளைக்குப் பதில் நுரை பொங்குகிறது என்பதே கிண்டல்.

'பாமி' என்று இதமான காற்றைக் குறிக்கும் சொல்லும் 19-ஆம் நூற்றாண்டில் இதே பொருளில் புழங்கியது. தென் இங்கிலாந்துக்காரர்கள் நடுவிலுள்ள 'ர்' ஒலியை விழுங்கிவிடுவதால் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். குழப்பம் அங்கே தொடங்கியது.