லிங்கன் ஜெயித்தது பஞ்சாங்கத்தால் மட்டும் அல்ல

300 குஸ்தியில் ஒன்றே ஒன்றில் தோற்ற ஆபிரகாம் லிங்கன் என்று எழுதிய ஒரு படம் இணையத்தில் அடிக்கடி சுற்றுகிறது. அந்த 300-க்கு அக்காலத்துப் பதிவு எதுவும் கிடையாது. ஆனால் 6 அடி 4 அங்குல மனிதர் பேர்போன மல்லர் என்பது உண்மை. 1992-இல் அமெரிக்காவின் தேசிய மல்யுத்தப் புகழ் மன்றம் அவரைக் கௌரவித்தது.

1831, இல்லினாய் மாநிலம், நியூ சேலம். கடைக்காரர் டென்டன் ஆஃபட், தன்னிடம் வேலை பார்த்த லிங்கனைப் பற்றிப் பெருமையடிக்க, உள்ளூர்ச் சண்டியர் ஜாக் ஆம்ஸ்ட்ராங்கோடு மோதல் ஏற்பாடானது. யார் ஜெயித்தார் என்று பார்த்தவர்களே ஆளுக்கொன்று சொன்னார்கள். அதற்குப் பிறகு இருவரும் உயிர் நண்பர்கள். மறுவருடம் பழங்குடித் தலைவர் பிளாக் ஹாக்கோடு நடந்த போரில் லிங்கன் கேப்டன், ஜாக் அவருக்குக் கீழே சார்ஜென்ட். லிங்கன் லோரென்சோ டவ் தாம்ப்சன் என்ற வீரரிடம் குஸ்தியில் மண்ணைக் கவ்வியதும் அந்தப் போரின்போதுதான்.

சட்டக் கல்லூரிப் பக்கமே போகாமல், புத்தகம் இரவல் வாங்கிப் படித்து 1836-இல் வக்கீல் உரிமம் பெற்றார்.

1858 மே, பியர்ட்ஸ்டவுன் நீதிமன்றம். ஜாக் இறந்துவிட்டார். அவர் மகன் டஃப் மீது கொலை வழக்கு. முந்தைய ஆகஸ்ட் 29 இரவு மெட்ஸ்கர் என்பவரை டஃப் முன்பக்கம் கண்ணருகே வாரில் கட்டிய ஈயக்குண்டால் அடித்தார், நாரிஸ் என்பவர் பின்மண்டையில் கட்டையால் அடித்தார் என்பது குற்றச்சாட்டு. நாரிஸ் தனி விசாரணையில் ஏற்கெனவே 8 ஆண்டு தண்டனை பெற்றிருந்தார்.

சாட்சி சார்லஸ் ஆலன் சுமார் 150 அடி தூரத்திலிருந்து நிலா வெளிச்சத்தில் பார்த்ததாகச் சொன்னார். லிங்கன் அவசரப்படவில்லை. எவ்வளவு தூரம், எத்தனை மணி, நிலா எங்கே நின்றது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இரவு 11 மணி வாக்கில் நிலா உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது என்று சாட்சி உறுதியாகச் சொன்ன பிறகுதான் பஞ்சாங்கம் வெளியே வந்தது. முதலிலேயே நீட்டியிருந்தால், "மணி சரியாத் தெரியல, ஒன்பது இருக்கும்" என்று சாட்சி நழுவியிருக்க முடியும். குஸ்தியைப் போலவே குறுக்கு விசாரணையிலும் கைப்பிடி சரியாக விழுமுன் தூக்கப் போகிறவர்தான் சறுக்குகிறார்.

பஞ்சாங்கப்படி அன்று நிலா நள்ளிரவை ஒட்டி மறைகிறது. 11 மணிக்கு மேற்கே தாழ்ந்து கிடந்திருக்கும். லிங்கன் போலிப் பஞ்சாங்கம் காட்டினார் என்று பிற்காலத்தில் ஒரு வதந்தி கிளம்பியது. அது அநியாயம். 1990-இல் வானியலாளர்கள் கணக்கிட்டுப் பார்த்து அவர் காட்டியது சரி என்றார்கள். வளர்பிறை பாதியைத் தாண்டிய நிலா இவ்வளவு சீக்கிரம் மறையுமா என்று சந்தேகம் வருவது நியாயம்தான். சுமார் 18.6 ஆண்டுக்கு ஒருமுறை நிலா தெற்கே வெகுவாக ஒதுங்கும். அந்த ஆண்டு அப்படிப்பட்டது. தெற்கே ஒதுங்கிய நிலா அந்த ஊர் வானத்தில் உயரமாக ஏறாது, சீக்கிரம் இறங்கிவிடும்.

கதை சொல்கிறவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். என் ஆதங்கம் அதுதான். கண்ணால் பார்த்த சாட்சி உடைந்தாலும் கண்ணருகே காயம் இருக்கிறது, குண்டு இருக்கிறது. இரண்டுக்கும் அவர் பதில் வைத்திருந்தார். அந்த ஈயக்குண்டு டஃபுடையது அல்ல, தன்னுடையது என்று நெல்சன் வாட்கின்ஸ் சாட்சி சொன்னார். பின்மண்டையில் விழுந்த ஒரே அடியே முன்பக்க முறிவையும் உண்டாக்கியிருக்கலாம் என்றார் மருத்துவர்.

கடைசியாக, ஜூரிக்கு நீதிபதி சொல்ல வேண்டிய அறிவுரையை லிங்கன் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். மரணம் கண்ணருகே விழுந்த அடியாலா, பின்மண்டை அடியாலா என்று நியாயமான சந்தேகம் இருந்தால், இருவரும் கூட்டுச் சேர்ந்து அடித்தது சந்தேகமற நிரூபணமானால் ஒழிய, டஃப் விடுதலை. பஞ்சாங்கம் சாட்சியை மட்டும்தான் சாய்த்தது. டஃப் அடித்தார் என்றே நம்பும் ஜூரருக்கும் விடுதலை செய்ய வழி திறந்தது இந்தத் தாள். வக்கீல் தொழிலில் இருப்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இதைத்தான்.

டஃப் விடுதலையானார். ஜாக்கின் மனைவி ஹன்னாவிடம் லிங்கன் காசு வாங்கவில்லை. 1863-இல் டஃப் படையில் இருந்தபோது, மகனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஹன்னா மறுபடி லிங்கனிடம் கேட்டார். அப்போது ஜனாதிபதியாக இருந்த லிங்கன் அனுப்பிவைத்தார்.