எக்ஸ்எல் என்றால் எத்தனை இஞ்ச்?

ஆன்லைனில் எடுத்த துணி சேரவில்லை என்று யாராவது புலம்பினால் போதும், "போட்டுப் பார்க்காம எவராவது துணி எடுப்பாங்களா?" என்று வாங்கினவரையே பிடித்துக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் ஜாக்கெட் எப்படித் தைத்தோம்? அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தனுப்புவோம். டெய்லர் நம் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார், ஜாக்கெட் கச்சிதமாக வந்து சேரும். ஆக, போட்டுப் பார்க்காதது பிரச்சினையே இல்லை. அளவைச் சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை.

எக்ஸ்எல் என்பது வெறும் எழுத்து, அவ்வளவுதான். ஒரு கம்பெனியில் அது 42, இன்னொன்றில் 44. சரி, சைஸ் சார்ட்டைப் பார்க்கலாம் என்று திறந்தால், அந்த 42 உடம்பின் அளவா, துணியின் அளவா என்று பல இடங்களில் போடுவதே இல்லை. மார்பு 40 என்றால் குர்தி 42, 43 ஆவது இருந்தால்தான் கையைத் தூக்க முடியும். துணியே 40 என்றால் தலை வழியாக நுழைந்து பாதியில் நிற்கும். கழற்றுவதற்கு ஆள் கூப்பிட வேண்டும். நம் பெண்களில் பலருக்கு இடிப்பது மார்பு அல்ல, ஆம்ஹோலும் (கை இணையும் இடம்) கை ரவுண்டும் (கையின் சுற்றளவு). அந்த இரண்டும் பெரும்பாலான சார்ட்டில் கிடையாது.

நான் இருப்பது திருப்பூரில். இங்கே ஏற்றுமதி பண்ணும் பனியன் கம்பெனிகளில் கட்டிங் போடுமுன் அந்த ஸ்டைலுக்கு மெஷர்மென்ட் சார்ட் வந்துவிடும். மார்பு, நீளம், ஷோல்டர், கை நீளம், கை ஓபனிங், கழுத்து அகலம், எதில் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பது வரை எல்லாம் அதில் இருக்கும். செக்கிங்கில் டேப் வைத்து அளந்து, மீறினால் ஒதுக்கிவிடுவார்கள். வெளிநாட்டு பையருக்குக் காட்டும் அந்தத் தாளை, காசு கொடுத்து வாங்கும் நமக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? புதிதாக யாரும் எதையும் அளக்கத் தேவையில்லை. இருப்பதைப் போட்டால் போதும்.

இந்தியர்களுக்கென்று சைஸ் அட்டவணை உருவாக்க நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்வி நிறுவனம் 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை 3டி ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை எடுத்தது. நல்ல வேலைதான். ஆனால் அதை வைத்தும் வெறும் எக்ஸ்எல் என்றே ஒட்டினால் நமக்கு என்ன லாபம்?

சேராததை ஆல்டர் பண்ணலாம் என்பார்கள். எங்கள் தெரு டெய்லர் அக்காவிடம் ஒரு குர்தியைக் கொடுத்தேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எதைங்க பிரிக்கிறது? ஓவர்லாக்கை ஒட்டியே தச்சிருக்கான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓவர்லாக் என்பது துணியின் ஓரம் பிரியாமல் இருக்க அடிக்கும் தையல்; அதை ஒட்டியே தைத்தால் உள்ளே பிரித்துவிடத் துணி இருக்காது. தைக்கக் கொடுக்கும்போது உள்ளே ஒரு இஞ்ச் விடச் சொல்லி, குண்டானால் பிரித்துக்கொள்வோமே, அந்த வழியும் அடைத்தாயிற்று. பெரியதாக வந்தால் பிடித்துக்கொள்ளலாம், சின்னதாக வந்தால் தங்கைக்குத்தான். ரேயான் என்றால் முதல் துவைப்பிலேயே சுருங்க வாய்ப்பு உண்டு, அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

'நோ ரிட்டர்ன்' என்ற வரியைப் பார்த்து அடங்கிவிடாதீர்கள். 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதுபோல் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. சார்ட்டில் 44 போட்டு வந்தது 41 என்றால் அது நம் உடம்பின் குற்றம் அல்ல. டேப் வைத்து ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதியலாம்.

இப்போதெல்லாம் எனக்கு நன்றாகச் சேரும் குர்தியைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து குறித்து வைத்திருக்கிறேன். அதே அளவைத்தான் விற்பவரிடமும் கேட்கிறேன். இன்ஸ்டாவில் வீட்டிலிருந்து விற்கும் பெண்கள் "இருங்கக்கா" என்று சொல்லி டேப்போடு ஃபோட்டோ அனுப்பிவிடுகிறார்கள். பெரிய கம்பெனி ஒன்றிடம் கேட்டதற்கு, "உங்களுக்குப் பொருத்தமான சைஸைத் தேர்வு செய்யவும்" என்று சாட்பாட் பதில் போட்டது.