ஸ்டிக்கருக்குக் கீழே என்ன இருக்கு மிஸ்?

2011 ஆகஸ்டில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து நாங்கள் நோட்ஸ் ஆஃப் லெசன் எழுதவில்லை. புத்தகத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே பாடத்திட்டம் என்கிற சமச்சீர் கல்விச் சட்டம் 2010-ல் வந்தது. அந்த வருஷம் 1, 6 வகுப்புகளுக்கு மட்டும் புதுப் புத்தகம். அடுத்த வருஷம் மற்ற வகுப்புகளுக்கும் வர வேண்டிய நேரத்தில் ஆட்சி மாறியது, திட்டத்தை நிறுத்தினார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு வந்தது ஆகஸ்ட் 9. ஜூனில் பள்ளி திறந்தும் அதுவரை பிள்ளைகள் கையில் புத்தகம் கிடையாது. அந்த இரண்டு மாதம் என்ன நடத்தினோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒருவழியாகக் கட்டுக் கட்டாக வந்தால், கருணாநிதியின் பாடல், செம்மொழி மாநாட்டுப் பகுதியையெல்லாம் மறைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டுமாம். சில பக்கத்தில் ஸ்டிக்கர், சில இடத்தில் கறுப்பு மை. கை முழுக்கப் பிசுபிசுப்பு.

வகுப்பில் கொடுத்ததும் எல்லாரும் முதலில் திருப்பியது அந்தப் பக்கத்தைத்தான். கடைசி பெஞ்சில் ஒருத்தி, சாதாரண நாளில் நாலு வரி வாசிக்கவே திணறுவாள், தாளை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டிப் பக்கத்துப் பெண்ணுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாடநூலில் அரசு கையே வைக்கக் கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று ஒரே தெருப் பிள்ளைகள் நாலு விதப் புத்தகம் சுமந்த காலத்தைப் பார்த்திருக்கிறேன். பொதுவாக ஒன்று வேண்டும், அதை யாராவது முடிவு செய்துதான் ஆக வேண்டும். 2021-ல் உ.வே.சாமிநாதய்யர் பாடநூலில் உ.வே.சாமிநாதர் ஆனார். சாதிப் பட்டம் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பாடம் நடத்துகிற எனக்கே அது பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது. டெல்லிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 2023-ல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமத்தை எடுத்துவிட்டு, பாடச்சுமையைக் குறைத்தோம் என்றார்கள். டார்வின் அவ்வளவு கனமா என்ன?

மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முந்தைய பதிப்பில் இருந்து எது போனது, எது வந்தது, யார் சொல்லி, எதற்காக என்று புத்தகத்தின் கடைசியில் ஒரு பக்கம் போடுங்கள். பாடநூல் குழுவில் இருந்த அத்தனை பேர் பெயரையும் அச்சடிக்கிறீர்கள், 2018-க்குப் பிறகு க்யூஆர் கோடு வேறு. இதற்கு ஒரு தாள் கிடைக்காதா?