நமட்ஜிரா குடியால் கெட்டவர் அல்ல

ஞாயிற்றுக்கிழமை பேச்சைக் கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியம் பற்றி அவ்வளவு நேரம் பேசிய நண்பர், ஆல்பர்ட் நமட்ஜிராவை மட்டும் இரண்டே வரியில் முடித்துவிட்டார்: "காலண்டர் படம் வரைந்தவர். கடைசியில் குடியால் கெட்டார்." சிலர் சிரித்தார்கள். நான் எழுந்து பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. மூன்று நாளாக அது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

அவர் குடியால் கெடவில்லை. அவரைக் கெடுத்தது சட்டம்.

1902-இல் மத்திய ஆஸ்திரேலியாவின் ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷனில் பிறந்தவர், அரெர்ன்டா என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். ஒட்டகம் ஓட்டியவர். 1936-இல் ரெக்ஸ் பாட்டர்பீ என்ற ஓவியருக்குப் பாலையில் வழிகாட்டியாகப் போய், பதிலுக்கு அவரிடம் நீர்வண்ணம் கற்றுக்கொண்டார். இரண்டு மாதப் பயணம், அவ்வளவுதான். 1938-இல் மெல்பர்னில் நடந்த முதல் தனிக் கண்காட்சியில் 41 படங்களும் விற்றுத் தீர்ந்தன.

பணம் வந்தது. வருமான வரி கட்டு என்றார்கள், கட்டினார். மாடு வளர்க்க மேய்ச்சல் நிலம் குத்தகைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சொந்த நிலத்தில் வீடு கட்டப் போனார், கூடாது என்றார்கள். 1954-இல் கான்பராவில் எலிசபெத் ராணியைச் சந்தித்த கலைஞர், ஊருக்கு வெளியே பழங்குடியினர் தங்கிய மோரிஸ் சோக் முகாமில்தான் குடியிருந்தார்.

1957-இல் அவருக்கும் மனைவி ரூபினாவுக்கும் மட்டும் முழுக் குடியுரிமை கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு இல்லை. இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அவர் கடையில் மது வாங்கலாம், மகனுக்கு அந்த உரிமை இல்லாததால் அவனோடு பகிர்ந்தால் குற்றம். இருப்பதைப் பகிர்ந்து கொடுப்பதுதான் அந்தச் சமூகத்தில் உறவின் கடமை. அந்தக் கடமையைத்தான் குற்றமாக்கினார்கள். 1958-இல் சக ஓவியர் ஒருவருக்கு மது கொடுத்ததாக ஆறு மாதத் தண்டனை. மேல்முறையீட்டில் மூன்று மாதமானது.

"அந்த முகாமில் ஒரு பெண் கொல்லப்பட்டாரே, அதைச் சொல்ல மாட்டீர்களா?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அந்த உயிருக்கு நான் சமாதானம் தேடவில்லை. ஆனால் மதுவை அங்கே கொண்டுபோனார் என்று அவரைப் பழித்தவர்கள், அவரை ஏன் முகாமில் வைத்தோம் என்று தங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதைத்தான் நான் கேட்கிறேன்.

நான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இரண்டு வருடம் செவிலியராக இருந்தவள். ஒரு மாலை, கூட வேலை பார்த்த அரெர்ன்டா அக்காவோடு மதுக்கடைக்குப் போனேன். யாரோ ஒருவரின் பிறந்தநாள், ஒரு வைன் பாட்டில் வாங்க வேண்டும். வாசலில் நின்ற காவலர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அக்காவை நிறுத்தினார். எங்கே தங்கியிருக்கிறாய், எங்கே கொண்டுபோய்க் குடிப்பாய்? என் தோலும் கறுப்புதான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். வண்டியில் திரும்பும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அன்று நான் வாய் திறக்காததையும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன் போலும்.

அப்புறம் அந்த "காலண்டர் படம்". ஹெர்மன்ஸ்பர்க் போகும் சாலையில் மாலை ஐந்தரைக்கு வண்டியை நிறுத்திப் பாருங்கள். மலை ஊதாவாகவே நிற்கும். வெள்ளைத் தண்டு யூக்கலிப்டஸ் மரம் உள்ளே விளக்கேற்றியதுபோல் நிற்கும். அவர் எதையும் கூட்டி வரையவில்லை. அவை அவருடைய முன்னோரின் இடங்கள். வெளியூர்க்காரருக்குத்தான் அது வெறும் இயற்கைக் காட்சி. புள்ளி ஓவியம்தான் அசல் பழங்குடி ஓவியம் என்பவர்களுக்கும் ஒன்று: நீங்கள் கொண்டாடும் அந்தப் புள்ளி ஓவியங்கள் பலகைகளில் பாபுன்யா என்ற பழங்குடிக் குடியிருப்பில் தொடங்கியது 1971-இல். அதே பாபுன்யாவில்தான் நமட்ஜிரா அந்த மூன்று மாதத் தண்டனையில் இரண்டு மாதம் காவலில் இருந்தார். 1959 ஆகஸ்டில் இறந்துபோனார். வயது 57.

இறந்த பிறகும் விட்டார்களா? 1983-இல் அவருடைய படங்களின் காப்புரிமையை அரசு அறங்காவலர் 8,500 டாலருக்கு விற்றார். 2017 வரை குடும்பத்துக்கு அது திரும்பவில்லை. பேரப்பிள்ளைகள் தாத்தாவின் படத்துக்காக முப்பத்து நான்கு வருடம் காத்திருந்தார்கள்.

நண்பரே, உங்கள் பேச்சின் பதிவில் அந்த இரண்டு வரி இன்னும் அப்படியே இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.