அப்பாவின் கணக்கு நோட்டு

காசு மிஞ்சாததற்கு அவரவர் பழக்கம்தான் காரணம் என்று ஒருவர் மேடையில் பேசும் காணொளி ஒன்றை இதுவரை எனக்கு ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். பலர் பார்த்திருப்பீர்கள், முழுக்க விவரிக்கப் போவதில்லை. பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். ஆனால் கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுந்து நின்று, "மாசக் கடைசியில எதுவும் மிஞ்ச மாட்டேங்குது சார்" என்றதும், மேடையில் இருந்தவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு மனதை விட்டுப் போகவில்லை. "வரவு பிரச்சினையே இல்லம்மா, உங்க பழக்கம்தான் பிரச்சினை" என்றார். கூட்டம் கை தட்டியது. அந்த அம்மா உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.

அவருடைய வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் எத்தனை பேர், யாருக்காவது உடம்பு முடியவில்லையா, கடன் இருக்கிறதா, இருந்தால் எதற்காக வாங்கியது, ஒன்றுமே கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் தீர்ப்பு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கண்டபடி செலவு செய்து ஏழையானவர்கள் சிலர் இருக்கலாம், ஆனால் கோடிக்கணக்கான மக்கள் ஏழைகளாக இருப்பதற்கு அது காரணம் ஆகாது. பணம் உள்ளவர் ஒரு தப்பான செலவு செய்தால் அந்த மாதத்தோடு அது மறந்துபோகும். அதே தப்பை இல்லாதவர் செய்தால் பத்து வருடம் வட்டி கட்டுவார். இருவருக்கும் பழக்கம் ஒன்றுதான். தண்டனை மட்டும் எப்படி வேறாகிறது?

2020-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஒரே ஆண்டில் உலகம் முழுக்க சுமார் 7 கோடிப் பேர் புதிதாகக் கடும் வறுமைக்குள் விழுந்தார்கள் என்று உலக வங்கி கணக்கிட்டது. ஏழு கோடிப் பேருக்கும் ஒரே வருடத்தில் சேமிக்கும் பழக்கம் மறந்துபோனதா? வேலை போனது, தொழில் முடங்கியது, அவ்வளவுதான். இதைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். சீனாவில் எழுபதுகளின் கடைசியில் தொடங்கி நாற்பது ஆண்டுகளில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து வெளியே வந்தார்கள். அவர்களை யாரும் மேடைக்கு முன்னால் நிற்க வைத்துச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கவில்லை. பாடுபட்ட நிலத்தின் விளைச்சலில் விவசாயிக்குப் பங்கு கிடைத்தது, தொழிற்சாலைகள் வந்தன, கூலி ஏறியது. முன்பும் அதே மக்கள்தான், பின்பும் அதே மக்கள்தான்.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதை இங்கே நான் எழுதியதே இல்லை.

என் அப்பா கணக்கு எழுதுவார். தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. பஸ்ஸுக்குக் கொடுத்த சில்லறைகூட அதில் இருக்கும். குடி கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. அந்த மேடைக்காரர் கேட்கிற எல்லாப் பழக்கமும் அவரிடம் இருந்தது. கட்டட வேலை. ஒருநாள் சாரம் சரிந்து கீழே விழுந்தார், இடுப்பு எலும்பு உடைந்தது. ஒன்பது மாதம் படுக்கை. வேலை கொடுத்தவர் முதல் வாரம் வந்து பார்த்துவிட்டுப் போனார், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. ஆறு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் மூன்றே வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

படுத்திருந்த காலத்திலும் அப்பா கணக்கு எழுதுவதை விடவில்லை. வரவுப் பக்கம் வெறுமையாக இருக்கும். செலவுப் பக்கத்தில் மருந்து, மருந்து, வட்டி என்று இருக்கும். போகப்போக வட்டி மட்டும். அக்கா படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனாள். நோட்டில் அவள் சம்பளம் வரவாக ஏறிய முதல் நாள் அப்பா விளக்கை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "கையில நாலு காசு சேர்த்து வச்சிருந்தா இந்த நிலைமை வருமா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. தலையணைக்குப் பக்கத்திலேயே நோட்டு இருந்தது. அதை எடுத்து ஒரு பக்கம் புரட்டிப் பார்த்திருந்தால் போதும்.

"நானும் ஏழையாக இருந்து மேலே வந்தவன்தான், என்னால் முடிந்ததே" என்று சிலர் எழுதுவீர்கள். உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நீங்கள் மேலே வந்துகொண்டிருந்த அந்த வருடங்களில் உங்கள் வீட்டில் யாரும் சாரத்திலிருந்து விழவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதையும் உங்கள் சாமர்த்தியத்தில் சேர்த்துவிட்டால் என் அப்பாவுக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்றாகிவிடும். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"கையில் காசு கொடுத்தால் குடித்துவிடுவார்கள்" என்பது இன்னொன்று. ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டங்களைப் பற்றி லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று பல இடங்களில் நடந்த 19 ஆய்வுகளை டேவிட் எவன்ஸ், அன்னா போப்போவா என்ற இரண்டு ஆய்வாளர்கள் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். குடிக்கும் புகைக்கும் ஆகும் செலவு கூடவில்லை என்றுதான் முடிவு வந்தது. குடித்து அழிகிற குடும்பமே கிடையாதா என்றால், உண்டு. குடிக்கிற பணக்காரரும் உண்டு. அவரை யாரும் எழுப்பி நிற்க வைப்பதில்லை.

"அப்போ சேமிக்கவே வேண்டாமா?" சேமியுங்கள். யார் வேண்டாம் என்றது?

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் பேசுவதே இல்லை. தட்டுப்பாடு மனிதனின் யோசிக்கும் சக்தியையே தின்றுவிடுகிறது. தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன்பு, கையில் காசில்லாத நேரத்தில் ஒரு முறையும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒரு முறையும் அவர்களுடைய யோசிக்கும் திறனைச் சோதித்தார்கள். பணம் வந்த பிறகு அதே ஆட்கள் நன்றாகச் செய்தார்கள். ஒரே விவசாயி, ஒரே மூளை, நடுவில் சில மாதங்கள். நாளைக்கு வட்டிக்காரனுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பவனால் அடுத்த வருடத்துக்குத் திட்டம் போட முடியவில்லை என்றால், அதற்குப் பெயர் சோம்பலா? நீங்கள் பழக்கம் என்று பார்க்கிற பாதி விஷயம் வறுமைக்குப் பிறகு வந்தது.

கோபம் அந்த மேடைக்காரர் மேல் இருந்ததைவிட இப்போது அதைப் பகிர்ந்தவர்கள் மேல்தான் அதிகம் இருக்கிறது என்று எழுத எழுதத்தான் தெரிகிறது. அனுப்பிய ஆறு பேரில் ஒருவன் என்னோடு படித்தவன். "சரியான செருப்படி" என்று எழுதி அனுப்பியிருக்கிறான். அவன் தொழில் தொடங்கி முதல் முறை நஷ்டப்பட்டபோது அவன் அப்பா கொடுத்தார், இரண்டாம் முறையும் கொடுத்தார். மூன்றாவது முறை ஜெயித்தான். எனக்குச் சந்தோஷம்தான், அன்று நானும் போய் வாழ்த்தினேன். ஆனால் டேய், உனக்கு இரண்டு முறை தப்புப் பண்ண இடம் இருந்தது. அந்த அம்மாவுக்கு அரை முறைகூட இல்லை. உனக்கு இது தெரியாதா? எங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் வந்திருக்கிறாய், என் அப்பா அந்த நோட்டோடு உட்கார்ந்திருப்பதை நீ பார்த்ததில்லையா?

நேற்று ராத்திரி அந்தக் காணொளியை மறுபடி பார்த்தேன், இந்த முறை அந்த அம்மாவை மட்டும். அவர் கையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருக்கின்றன. என்ன செய்ய வேண்டும் என்று மேடைக்காரர் சொல்லுவார், எழுதிக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறார். கை தட்டல் தொடங்கியதும் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.