ஒற்றை வரி நிராகரிப்பு

சென்னையில் திட்ட அனுமதி இழுத்தடிப்பதற்கு வழக்குப் போடுகிறவர்கள்தான் காரணம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதி சரி. மீதிப் பாதி எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மாடி கட்ட என் அக்கா கொடுத்த விண்ணப்பத்துக்கு வந்த பதில்: "விதிகளுக்கு உட்படவில்லை, நிராகரிக்கப்படுகிறது." அவ்வளவுதான். எந்த விதி? பக்கவாட்டு இடைவெளியா, சாலை அகலமா? பச்சை மைக் கையெழுத்து மட்டும் அழுத்தமாக விழுந்திருந்தது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவில் ரிட் மனு போட்டால் உயர் நீதிமன்றம் வரைபடத்தைத் திருத்தித் தராது. முடிவெடுத்த விதத்தைத்தான் பார்க்கும்: நம் தரப்பைக் கேட்டார்களா, காரணம் சொன்னார்களா என்று. அந்தக் காரணம் உத்தரவிலேயே இருக்க வேண்டும், வழக்கு வந்தபிறகு பிரமாணப் பத்திரத்தில் புதிதாக ஒட்டவைக்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. அது தேர்தல் வழக்கு, ஆனால் கட்டட அனுமதிக்கும் பொருந்தும்.

அனுமதி கிடைக்காதவர்களுக்கு மட்டுமான விஷயமும் இல்லை இது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 113-வது பிரிவில், அந்தச் சட்டத்தின் விதிகளிலிருந்து அரசு விதிவிலக்கு தரலாம். அப்படிக் கட்டடங்களுக்கு இயந்திரத்தனமாக வாரிக்கொடுத்த 62 அரசாணைகளை, கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் என்ற நுகர்வோர் அமைப்பின் வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிரிவு செல்லும், பயன்படுத்திய விதம்தான் செல்லாது என்றது. இதைக் கட்டுரையாளர் ஏனோ தொடவே இல்லை.

அப்புறம், ரிட்டுக்கு ஓடுமுன் அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79-வது பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது. அக்கா அதைத்தான் போட்டிருக்கிறார். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.